ஐந்தாவது வளைவில் விழுந்த நாவல்

அன்று ஜீப்பில் இருந்தவர்கள் இவர்கள்தான். ஓட்டுகிறவர் ஒருவர். முன்சீட்டில் வயதான அக்காமார் இரண்டு பேர். பின்னால் என் தெருவிலிருந்து நான்கு பேர், புதுப்பட்டியிலிருந்து மூன்று பேர், கடமலைக்குண்டிலிருந்து கம்பத்துக்கு வாழ வந்த அக்கா ஒருவர். கதவோரத்தில் நான். ஆக மொத்தம் பன்னிரண்டு பேர், தூக்குவாளி பதினொன்று, நூலகப் புத்தகம் இரண்டு. தலையை எண்ணாமல் எனக்கு மலையேற முடியாது. வளைவுக்கு வளைவு எண்ணுவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் தெருவுக்கு ஒன்றிரண்டு செல்போன் வந்திருந்த காலம் அது. விடிகாலையில் கம்பத்திலிருந்து கிளம்பி, மலையேறி, கேரள எல்லை தாண்டி, ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்கிவிடுவோம். ஆள் சேர்ப்பது, ஜீப் ஓட்டுவது, சனிக்கிழமை கூலியை வாங்கித் தருவது எல்லாம் அந்த ஜீப்காரர்தான். ஆளுக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் அவருக்குக் கமிஷன் உண்டு. அவர் ஜீப்பில் இடமில்லை என்றால் எனக்கு வேலையில்லை.

நான் படித்தது ஏழாம் வகுப்பு. அதோடு நிறுத்திவிட்டார்கள். கிளை நூலகத்தில் என் பெயரில் இரண்டு டோக்கன் இருந்தது, டோக்கனுக்கு ஒரு புத்தகம். தடித்த புத்தகம் எடுத்தால் நூலகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "இது பெரிய படிப்புப் படிச்சவுகளுக்கும்மா" என்று ஒருநாள் சொன்னார். "அப்படின்னு அட்டையில போட்டிருக்கா சார்?" என்று கேட்டேன். டோக்கனைப் பிடுங்கிவிடுவாரோ என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் இன்னும் தடித்ததாக ஒன்று எடுத்தேன்.

ஜீப்பில் யாருக்கு எந்தப் புத்தகம் என்று சொல்வது என் வேலையாகிப் போனது. யாரும் கொடுத்த வேலையில்லை. உனக்கு என்ன பிடிக்கும் என்று நான் கேட்கமாட்டேன். காய் எடுக்கையில் மனசு எங்கே போகிறது என்று கேட்பேன். பதிலைக் கேட்டு இரண்டு புத்தகம் எடுத்துவருவேன். ஒன்று கதை, இன்னொன்று நிஜம். மகனைத் திருப்பூருக்கு அனுப்பியவருக்கு மில் ஊர் நாவல் ஒன்றும், பஞ்சு எப்படி நூலாகிறது என்று சொல்லும் புத்தகம் ஒன்றும் கொடுத்தேன். யானைக்குப் பயந்தவருக்கு ஒரு காட்டுக் கதையும், யானையின் வழித்தடம் பற்றிய புத்தகமும். கதையை மட்டும் படித்தால் கண்ணீரோடு நின்றுவிடுகிறது. நிஜத்தை மட்டும் படித்தால் யாருக்காக இதைத் தெரிந்துகொண்டோம் என்பது மறந்துவிடுகிறது. இதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுகொண்டதுதான். தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும்.

நூலகப் புத்தகத்தில் கறை பட்டால் அபராதம் என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் பழைய மாதக் காலண்டர் தாளில் அட்டை போட்டுவிடுவேன், எழுத்தில்லாத வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. எந்தப் புத்தகமும் பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

புதுப்பட்டியிலிருந்து வருகிறவர்களில் ஒரு பெண்ணுக்கு எதற்கெடுத்தாலும் ஏன் என்ற கேள்விதான். மருந்தடித்த மறுநாள் தோட்டத்துக்குள் போனால் தலை சுற்றுகிறதே, அது ஏன் என்று கேட்டாள். பூச்சிமருந்துகளைப் பற்றி ஒருவர் எளிமையாக எழுதிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். மருந்தடித்த செடிக்குள் உடனே போகாதே, சில நாள் விட்டுப் போ என்று அதில் இருந்தது. அவள் அந்தப் பக்கத்தைத் தோட்டத்து முதலாளிக்கே வாசித்துக் காட்டிவிட்டு, "நேத்து மருந்தடிச்ச பக்கம் நாங்க எறங்கல" என்று சொல்லிவிட்டாள். முதலாளி அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஜீப்காரரைக் கூப்பிட்டு, இனி இப்படிப் பேச்சு வந்தால் வேறு ஆள் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறார்.

அதற்கு மறுநாள்தான், ஆரம்பத்தில் தலையெண்ணிச் சொன்னேனே, அந்த நாள். அடிவாரம் வரை கடமலைக்குண்டு அக்கா, மடியில் நாவலை விரித்து எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தார். அந்த நாவலோடு மூன்று மாதமாக மல்லுக்கட்டுகிறார். அவருக்காக நான் ஐந்து தடவை தேதி நீட்டி வாங்கியிருந்தேன். புதுப்பட்டிப் பெண் மருந்துப் புத்தகத்தை அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது வளைவில் ஜீப் நின்றது. ஜீப்காரர் இறங்கிப் பின்பக்கம் வந்தார்.

"யாருத்தா இங்கன பொஸ்தகம் பரிமாறுறது?"

"நான்தாண்ணே."

"முதலாளி என்னைய நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறாக. நாளையில இருந்து ஒனக்கு ஜீப்புல எடமில்ல. இன்னைக்கு மட்டும் வா."

பேசிக்கொண்டே அக்காவின் மடியிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, தடுப்புச்சுவருக்கு அந்தப்பக்கம் வீசினார். வெள்ளை அட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பள்ளத்துக்குள் போனது.

மருந்துப் புத்தகம் என்று நினைத்துத்தான் வீசினார். போனது நாவல்.

பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே கடமலைக்குண்டு அக்கா, "இன்னும் இருவது பக்கந்தான் இருந்துச்சு" என்றார்.

"என்னாத்தா?"

"கதையில அந்தப் புள்ள வீட்ட விட்டுக் கெளம்பி பஸ்ஸு ஏறிருச்சு. எங்கன எறங்குச்சுன்னு இனி நான் யாருகிட்டப் போயிக் கேக்குறது?" அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஜீப்பை விட்டு இறங்கினார். "நீ போய்யா. எனக்கு இன்னைக்கு வேல வேணாம்."

முந்தின நாள் புதுப்பட்டிப் பெண் தலைசுற்றலைப் பற்றிப் பேசியபோது எங்கள் ஆட்களே சும்மா இரு என்று அவளை அடக்கினார்கள். அது உயிர் விஷயம். அதற்கு இறங்காதவர்கள், இருபது பக்கத்துக்காக ஒவ்வொருவராக இறங்கினார்கள். தினமும் அக்கா வாசிக்க வாசிக்கக் கேட்டு வந்தவர்கள் இவர்கள். கதையில் வரும் பெண் எங்கே இறங்கினாள் என்று எல்லோருக்குமே தெரிய வேண்டியிருந்தது. முன்சீட்டு அக்காமாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் சொன்னார்: "ஏய்யா, நீயும் ஒன் ஜீப்பும் போயி காய் எடுத்துட்டு வாங்க. நல்லா எடு, காம்பு ஒடியாம எடு."

ஜீப்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆளில்லாமல் போனால் கமிஷன் இல்லை. தடுப்புச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். புதர்தான் தெரிந்தது.

"சரி, ஏறுங்கத்தா. நேரமாவுது."

"அவளுக்கு?" என்று அக்கா என்னைக் காட்டினார்.

"அவளுந்தான். ஏறட்டும்."

அதோடு நான் ஏறியிருக்கலாம். அபராதம், டோக்கன், நூலகரின் கண்ணாடி எல்லாம் கண்முன் வந்தது. அந்தப் பயத்தில்தான் வாய் திறந்தது என்று நினைக்கிறேன்.

"பொஸ்தகத்து வெலய யாரு குடுப்பா? அதச் சொல்லுங்க, ஏறுறேன்."

"சனிக்கெழம தாரேன்."

"மருந்தடிச்ச பக்கம் சில நாளைக்கு எறங்க மாட்டோம். அதையும் நீங்களே சொல்லிருங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. நானும் திருப்பிப் பார்த்தேன். பதினொரு பேரும் நிற்கையில் பார்ப்பது சுலபமாகத்தான் இருந்தது. அன்று எங்களை மேற்குப் பக்கம் மருந்தடிக்காத செடிகளுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படி நடந்தது என்று சொன்னால் பொய். சில நாள் ஜெயித்தோம், சில நாள் தலைசுற்றலோடு வந்தோம். ஆனால் என் கதவோர இடத்தை யாரும் தொடவில்லை.

அந்த நாவலை நான் முன்பே படித்திருந்தேன், முடிவை நீயே சொல்லிவிடேன் என்று ஜீப்பே கெஞ்சியது. சொல்லவில்லை. தேனிக்குப் போய் அதே நாவலை என் காசில் வாங்கி, நூலகத்தில் கொடுப்பதற்கு முன்னால் அக்காவிடம் கொடுத்தேன். அட்டையோடுதான். இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கன எறங்குச்சு?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

"எறங்கவேயில்லடி. பஸ்ஸு போயிக்கிட்டே இருக்கு, முடிஞ்சிருச்சு. இதுக்காடி நாம எறங்குனோம்?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அடுத்து என்ன வச்சிருக்க? இந்தத் தடவ பஸ்ஸு எப்படி ஓடுதுன்னு சொல்ற பொஸ்தகமும் சேத்துக் கொண்டா."

கொண்டுவந்தேன். டீசல் எஞ்சினைப் பற்றி, படங்களோடு. அதை ஜீப்காரரே இரண்டு நாள் இரவல் வாங்கிப் படித்தார். நன்றாக இருந்தது என்று சொன்னார். நாவலின் விலையைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. எத்தனையோ சனிக்கிழமை போய்விட்டது. ஜீப்பை விற்றுவிட்டு இப்போது சின்னமனூர்ப் பக்கம் இருக்கிறாராம். எங்கே இருந்தாலும் சரி, புத்தகத்துக்குத் தொண்ணூறு, தேனிக்குப் போய்வந்த பஸ்ஸுக்கு இருபது. நூற்றுப் பத்து ரூபாய் அவர் எனக்குத் தர வேண்டும்.