எங்கள் தெரு இல்லாத வரைபடம்

சிவாஜிநகர் பழைய புத்தகக் கடையில் எங்கள் மீனவக் குப்பத்தின் வரைபடத்தை விரித்ததும் உப்பில் ஊறிக் காய்ந்த வலையின் வாசனை எழுந்தது. கடல் கொண்டுபோன ஊர் அது. நான் விடுகிற கதைகளில் அதுவும் ஒன்று என்று என் மகள் முடிவு கட்டிவிட்டதால், சாட்சி கிடைத்த வக்கீல் போல அவளை இழுத்து வந்திருந்தேன்.

எங்கள் தெருவைக் காணவில்லை. ஐம்பது வயதில் திருவிழாவில் தொலைந்த பிள்ளையாக முழித்தேன்.

“சார், உல்டாவா புடிச்சிருக்கீங்க,” என்றார் கடைக்காரர்.

கடலை மேலே வைத்துப் பிடித்திருந்தேன். எங்களுக்கு அதுதான் முன்பக்கம்; கடலுக்குக் கால் நீட்டிப் படுத்து, அலை உறுமுகிற விதத்திலேயே அப்பாவின் கட்டுமரம் இறங்குமா, இன்று மீன் குழம்பா வெறும் கஞ்சியா என்று கண் திறக்காமலே தெரிந்துகொண்டு, கூரைக்கடியில் நண்டு சுரண்டும் சத்தத்தில் மறுபடி தூங்கிப்போவோம்.

திருப்பிப் பிடித்தேன். கலங்கரை விளக்கம் இருந்தது, உப்பளம் இருந்தது, துரை பங்களாவின் கிணறுகூட இருந்தது. எங்கள் மூன்று தெருவும் இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் ‘மணல்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“இங்க யாருமே இல்லையேப்பா?” என்றாள் மகள்.

“அந்த மணல் மேலதாண்டி நாங்க இருந்தோம்!” என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.