அய்யலூர்ச் சந்தையில் அவிழ்த்துவிட்ட ஆடு

வியாழக்கிழமை காலை ஐந்து பத்துக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் அய்யலூர் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினேன். இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். கட்டணம் இருபத்தைந்து ரூபாய். எனக்கு வயது எழுபத்து மூன்று. தஞ்சாவூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது, நான் எழுதிய ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள.

கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்றபின், பௌத்தக் கருத்துகளை வைத்து ஒரு நாவல் எழுதினேன். அதில் ஓர் ஆட்டு வியாபாரி, தூங்கும் மனைவியை விட்டு ஞானம் தேடி ஒரு குருவிடம் போகிறான். கடைசியில் அய்யலூர்ச் சந்தையில் ஒரு கிடாயை வாங்கிக் கயிற்றை அவிழ்த்துவிடுகிறான். அது திரும்பிப் பாராமல் மலையை நோக்கி ஓடுகிறது. அந்தக் கணம் அவன் விழித்துக்கொள்கிறான். நான் அதுவரை அய்யலூரைப் பார்த்ததில்லை. ஆட்டைத் தொட்டதுகூட இல்லை. ஞானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி தங்கவேல் இதைப் படித்துவிட்டு, வாராவாரம் ஓர் ஆடு வாங்கி அவிழ்த்துவிடுகிறாராம். உழவு மாடும் மனைவியின் தோடும் அதற்கே விற்றுப் போய்விட்டன. "இப்ப நிலத்த விக்கப் பத்திரத்தக் கையில எடுத்துட்டாருய்யா. நீங்களே வந்து அது பொய்னு சொல்லுங்க" என்று அவர் மனைவி தொலைபேசியில் அழுதார். அந்த எண்ணைத் 'தங்கவேல் மனைவி' என்று சேமித்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையில் திண்டுக்கல் பிரியாணிக் கடைக்காரர் ஒருவர்.

"ஆடு வாங்கவாய்யா?"

"ஒருத்தரைப் பார்க்க."

"சந்தையில பாக்க வேண்டிய ஆளு ஒருத்தருதான். காசு குடுத்து ஆட்ட வாங்கி, அவுத்துவிட்டுட்டுக் கண்ண மூடி உக்காந்துருவாரு. ஆடு எங்க போகும்? அடுத்த ஆட்டுகிட்ட போயி நிக்கும். எவனாச்சும் புடிச்சு மறுபடி வித்துருவான். போன மாசம் ஒரே கிடாவ அவரே ரெண்டு தடவ வாங்கிட்டாரு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஆறு மணிக்குச் சந்தை. வியாபாரிகள் துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்து, பிறர் அறியாமல் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி சொல்லியிருந்த தேநீர்க் கடை ஓரமாகத் தங்கவேல் ஒரு கறுப்புக் கிடாயுடன் நின்றார். விலை ஒன்பதாயிரம். அருகில் அவர் மனைவி.

சுற்றிவளைக்காமல் சொன்னேன்: "நான்தான் அந்த நாவலை எழுதியவன். அந்த அத்தியாயம் முழுக்கக் கற்பனை. எனக்கு எதுவும் தெரியாது."

தங்கவேல் முகம் மலர்ந்தது. "கதையில குருவும் இதத்தானய்யா சொல்றாரு! 'எனக்கு எதுவும் தெரியாது'னு. அதக் கேட்ட பெறகுதான அவன் சந்தைக்கே வாரான்?"

காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் எதைச் சொன்னாலும் அதற்கொரு பதிலை நானே அச்சிட்டு வைத்திருந்தேன்.

"செத்த இருங்க" என்றார் அவர் மனைவி. "நான் படிக்கல. அந்த யாவாரி பொண்டாட்டி பேரு என்ன?"

யோசித்தேன். முந்நூறு பக்க நாவல். அதைத் தட்டச்சு செய்தவள் என் மனைவி. அவள் ஒருநாளும் இதைக் கேட்கவில்லை.

"மொத அத்தியாயத்துல தூங்குவா..." என்று தொடங்கிய தங்கவேல் நிறுத்தினார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வெகுநேரம் புரட்டினார். "பேரு போடலியேய்யா" என்றார். அவர் குரலில் முதல்முறையாக என்மேல் ஒரு குறை தொனித்தது.

"அவன் போன மறுநா காலையில அவ என்ன செஞ்சா?" என்றார் மனைவி.

அதையும் நான் எழுதவில்லை.

தங்கவேல் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். அவிழ்க்கவில்லை. மனைவி கயிற்றை வாங்கிக்கொண்டு, குஜிலியம்பாறைக்கு ஆடு ஏற்றிப் போகும் வண்டியில் கிடாயையும் அவரையும் ஏற்றினார்.

எட்டு நாற்பதுக்குத் திரும்பும் பேருந்து. ஒரு பொய்யிலிருந்து அவரை மீட்டேனா, அல்லது நான் அறியாத எதன் வாசலிலிருந்தோ இழுத்துவிட்டேனா? திண்டுக்கல்லில் இறங்கியும் விளங்கவில்லை. 'தங்கவேல் மனைவி' என்று சேமித்திருந்த எண்ணை அழைத்தேன்.

"பத்திரத்தப் பீரோவுல வச்சுட்டாருய்யா. கிடாவ வேம்புல கட்டிட்டுப் பக்கத்துலயே உக்காந்துருக்காரு. கண்ண மூடிருக்காரா தொறந்துருக்காரானு இங்கருந்து தெரியல."

"உங்க பேரு என்னம்மா?"

கத்திய கிடாயை அங்கிருந்தே அதட்டிவிட்டுக் கேட்டார்:

"இதையும் எழுதப் போறீங்களா?"

"ஆமாம்."

"அப்ப சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டார்.