பின்னால் நின்றவன்

எழுபதுகளில் தாம்பரத்தில் பிசியோதெரபி என்று பலகை மாட்டினால், வருகிறவர்களில் பாதிப்பேர் எண்ணெய்ப் புட்டியோடு வருவார்கள். மீதிப்பேர் பலகையைப் படிக்காமலே வருவார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பையன் வாங்கிய அறை

ஞானராஜ், சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நீளம் தாண்டிக் காட்டப் போய், குதிகாலுக்கு மேலே தசைநாண் அறுந்துவிட்டது. கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டிவைத்திருக்கும் கயிறு அது. மெல்ல இழுத்தால் இடம் கொடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறும். அறும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரியே இருக்கும். மாஸ்டர் திரும்பி, பின்னால் நின்ற பையனை ஓர் அறை விட்டிருக்கிறார். ஆபரேஷன் முடிந்து, மாவுக்கட்டைப் பிரித்து என்னிடம் வந்தபோதும் சந்தேகம் தீரவில்லை.

“அவன் உதைக்கலைன்னே வச்சுக்குவோம் சிஸ்டர். பின்னால எதுக்கு நின்னான்?”

கட்டிலில் கட்டிய வேட்டி

விறைத்த பாதத்தைத் துண்டு போட்டு மெதுவாக இழுத்து, சற்று நேரத்தில் விட்டுவிடச் சொன்னேன். டிரில் மாஸ்டருக்கு அது போதுமா? பாதத்தில் வேட்டியை மாட்டி, மறுமுனையைக் கட்டிலின் தலைமாட்டில் இறுக்கிக் கட்டிவிட்டு, தினமும் மத்தியானம் முழுக்கத் தூங்கியிருக்கிறார். ஆறிவரும் நாண், இழுத்தபடியே வைத்தால், பழைய எலாஸ்டிக் மாதிரி நீண்டே போய்விடும். பாதம் அழகாக மடங்கியது. குதிகாலைத்தான் தரையிலிருந்து தூக்க முடியவில்லை. எனக்கு அழுகையே வந்தது.

“நீளமானா நல்லதுதானே சிஸ்டர்? ஓடறப்ப இன்னும் எட்டி வைக்கலாம்.”

காரில் வந்தவர்

பள்ளியை நடத்தும் கரெஸ்பாண்டன்ட் கீழ்க்கட்டளையிலிருந்து காரில் வந்தார். விளையாட்டு விழாவில் மாஸ்டர் ஓட வேண்டும்; ஓடாவிட்டால் அந்த வேலை தன் அக்கா மகனுக்கு என்றார். அவனுக்கு வெள்ளை ஷூகூட வாங்கியாகிவிட்டதாம். மாஸ்டர் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. இப்போது ஓடினால் மறுபடி அறும் என்று முடிந்த மட்டும் சொன்னேன்.

“எனக்குந்தான் தினம் குதிகால் வலிக்குது. நான் என்ன லீவா போடறேன்?”

விசில்

விழாவன்று நானும் போய், மாஸ்டரை ஓட விடமாட்டேன் என்று நின்றேன். அவரை வெட்கப்படுத்தவென்றே கரெஸ்பாண்டன்ட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆசிரியர்களோடு கோட்டில் நின்றார். பின்னாலிருந்து விசில் ஊதியது மாஸ்டர். ஒரே பாய்ச்சல், டப்பென்று சத்தம், மனுஷர் தரையில். திரும்பி மாஸ்டரைப் பார்த்தவர், “உதைச்சிட்டான், இவனை இன்னிக்கே வேலையை விட்டு எடுங்க” என்று கத்தினார். மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

கரெஸ்பாண்டன்டைக் குப்புறப் போட்டு, கெண்டைச் சதையை அமுக்கினேன். நாண் முழுசாக இருந்தால் பாதம் அசையும்; அசையவில்லை. நாண் தானாக அறுந்தது, யாரும் உதைக்கவில்லை என்று ஊரே கேட்கச் சொன்னேன்.

“உதைக்கலைன்னா பின்னால எதுக்கு நின்னான்?” என்றார் கரெஸ்பாண்டன்ட்.

மாஸ்டர் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் அன்றைக்கு அறை வாங்கிய பையனைத் தேடிப்போய் அவன் முன்னால் நின்றார்.

“சும்மாத்தான்டா நின்னிருக்கே. எனக்கு இப்பத்தான் தெரியுது.”

எண்ணெய்ப் புட்டி

மாவுக்கட்டு பிரித்ததும் கரெஸ்பாண்டன்ட் எண்ணெய்ப் புட்டியோடு என்னிடம்தான் வந்தார். கால் விஷயத்தில் ஆளுக்கொரு நியாயம் கிடையாது, மாஸ்டருக்கு ஓய்வு கொடுத்து வேலையில் வைத்திருந்தால் உங்களுக்கும் அதே ஓய்வு, இல்லாவிட்டால் உங்களுக்கும் ஓட்டம்தான் என்றேன். அக்கா மகனின் வெள்ளை ஷூ பெட்டியிலேயே கிடந்தது.

“மாஸ்டருக்குச் சொன்னதைவிட கொஞ்சம் சேர்த்தே சொல்லுங்க சிஸ்டர். எனக்கு வலி தாங்காது.”

நாண் அறுந்தவர்களில், பின்னால் திரும்பாமல் முதலில் தன் காலைப் பார்த்த ஒருவரையாவது பார்த்துவிட்டு ஓய்வு பெறலாம் என்றிருந்தேன், நடக்கவில்லை.