ஒன்றரை விரல் புகார்

"ஒண்ணரை ஷாட்டுன்னு நினைச்சுட்டானாம்!"

கூடைப்பந்துச் சங்க அலுவலகத்தின் படியிலேயே யாரோ சிரித்தது பைண்டரம்மாவின் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சிரித்தார்கள்.

அவர் பகலில் அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவர். கட்டிங் மெஷின் வலது ஆள்காட்டி விரலில் பாதியைத் தின்று ஒன்பது வருஷம் ஆகிறது. நடுவர் தேர்வில் தேறியதே அதற்குப் பிறகுதான். இத்தனை ஆட்டங்களில் அந்த விரல் யார் கண்ணையும் உறுத்தவில்லை. இப்போது, தோற்றுப்போன ஒரு கோச்சின் கண்ணை உறுத்தியிருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். அரையிறுதியில் கடைசி நிமிடம், கோச்சின் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. பைண்டரம்மா வளையத்துக்குக் கீழே வந்து நின்றார். இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினார், "ரெண்டு" என்று வாய்விட்டும் சொன்னார், இருபக்கமும் நின்றவர்களைப் பார்த்துவிட்டுப் பந்தைத் தரையில் தட்டிக் கொடுத்தார். முதல் பந்து தவறியது. கோச்சின் அணியிலிருந்த நெட்டையன், ஆட்டம் தொடர்கிறது என்று நினைத்து, அதைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓட்டமெடுத்தான். அரங்கமே சிரித்தது. விசிலடித்து நிறுத்தி இரண்டாவதைப் போடவைத்தார். விழுந்தது. கோச்சின் அணிக்கு ஒரு புள்ளியில் தோல்வி. நடுவரின் பாதி விரலால் இரண்டு என்பது புரியவில்லை, ஒன்றுதான் என்று பையன் நினைத்துவிட்டான் என்று கோச் புகார் கொடுத்தார்.

"அம்மா, கையைச் சுவத்துல வைங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றார் செயலாளர்.

"நான் என்ன திருடிட்டா வந்திருக்கேன்?"

"கோவப்படாதீங்க. புகார்னா விசாரிக்கணும்ல?"

"விசாரிங்க. என்னை மட்டும் ஏன்?" பைண்டரம்மா திரும்பினார். அன்று கோட்டோரம் நின்ற இன்னொரு நடுவர், வங்கி குமாஸ்தா, போனைத் தடவிக்கொண்டிருந்தான். "தம்பி, நீ எத்தனை காட்டினே?"

"ரெண்டுதான்க்கா... ரெண்டு கையிலயும்."

"உனக்குப் பத்து விரலும் முழுசாத்தானே இருக்கு? அதையும் அந்தப் பையன் பாக்கலையே. அவன் கூட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்தான். இதைச் சொல்ல உனக்கு நாலு நாளாச்சா?"

குமாஸ்தாவின் முகம் தொங்கிப்போனது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "சரி, புகார் நிக்காது. ஆனா ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு டி.வி.காரங்க வர்றாங்கம்மா. கையைக் கிட்டத்துல காட்டுவாங்க. பாக்க நல்லாவா இருக்கும்? இந்த ஒரு மேட்ச் விட்டுக்கொடுத்துடுங்களேன்."

பைண்டரம்மாவுக்கு உச்சந்தலை கொதித்தது. முதல் முறையாக அவருக்குக் கிடைத்த இறுதிப் போட்டி அது.

"விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்களா என்னை எடுங்க. 'விரல் பாக்க நல்லா இல்லை, அதனால நீக்கறோம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. வாங்கிட்டுப் போறேன்."

செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் துணைத்தலைவரைப் பார்த்தார். துணைத்தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். வெள்ளைத்தாள் மேஜை முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தது. ஒருவரும் பேனா மூடியைக் கழற்றவில்லை.

"அப்போ... நடுவர் பட்டியல் அப்படியே இருக்கட்டும்" என்றார் செயலாளர், ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவர் போல.

பைண்டரம்மா நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?