அம்மா வாங்கிய செட்டில்மென்ட்

அம்மா லீவு போட்ட கதையை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். ஆனால் எனக்கு அப்போது ஒன்பது வயது. அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த வயதில் எனக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆம்பூரைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களைப்போல எங்கள் ஊரிலும், விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வந்து அம்மாக்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்து இறக்கும். எங்கள் அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். அக்கா பிறப்பதற்கு முன்பிருந்தே அதே லைன், அதே மிஷின். புதிதாக வரும் பெண்களைப் பழக்குவதற்கு அம்மா பக்கத்தில்தான் உட்காரவைப்பார்களாம். அப்பா தோல்ஷாப்பில் தோல் பதப்படுத்தும் டிரம்மில் வேலை பார்த்தவர். மூச்சிரைப்பு வந்த பிறகு கூப்பிட்ட நாளைக்குப் போவார். பல நாள் கூப்பிடமாட்டார்கள்.

அக்கா ப்ளஸ் டூ முடித்து, வேலூரில் ஒரு காலேஜில் நர்சிங் சீட் வாங்கிவிட்டாள். தெருவில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தோம். படிக்கிற பிள்ளைக்கு பேங்கில் லோன் கொடுக்காமல் எங்கே போய்விடும் என்று ஸ்கூல் டீச்சர் தைரியம் சொல்லியிருந்தார். அந்த தைரியத்தில், இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா அக்காவோடு பேங்குக்குக் கிளம்பினாள். ஏசி இருக்கும் என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

மேனேஜர் நல்லவர்தான். அக்காவின் மார்க்கைப் பார்த்துப் பாராட்டினார். அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஏம்மா, குழு லோன் வாங்கிட்டு கட்டாம வுட்டிருக்கீங்களே?"

"அத நான் வாங்கல சார். எங்க நாத்தனார் வாங்கினது."

"பேர் உங்களுதுதானே?"

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பெயர் கொடுப்பது ஒரு கிண்ணம் சர்க்கரை கொடுப்பது மாதிரி. ஒருத்தி பெயரில் ஏற்கெனவே லோன் ஓடிக்கொண்டிருந்தால், இன்னொருத்தி தன் பெயரில் வாங்கிக் கொடுப்பாள். இல்லை என்று சொல்கிறவளை மனுஷியாகவே மதிக்கமாட்டார்கள். ஒடுகத்தூரில் வாக்கப்பட்ட எங்கள் அத்தை அம்மா பெயரில் லோன் வாங்கி நிலத்தில் போர் போட்டாள். தண்ணீர் வரவில்லை. வேர்க்கடலை காய்ந்தது, தவணை நின்றது. அந்த வறண்ட போரின் ஆழம் எங்கள் வீட்டுப் பெண்ணின் படிப்புவரை வரும் என்று அம்மாவுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

வெளியே வந்ததும் அக்கா பஸ் ஸ்டாண்டிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அத்த கட்டாததுக்கு நான் இன்னாமா பண்ணேன்?"

அம்மா எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். நான் கேட்காமலே வாங்கிக் கொடுத்ததால் அந்த நாள் எனக்கு நல்ல நாளாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் ஏறாத படி இல்லை. வேறு பேங்குக்குப் போனார்கள். அங்கேயும் அதே கம்ப்யூட்டர்தான். ஏழைப் பிள்ளைகளுக்குப் பணம் கட்டும் டிரஸ்ட் ஒன்று இருந்தது. இந்த வருஷத்துக்கு ஆள் எடுத்தாயிற்று, அடுத்த வருஷம் சீக்கிரமே வாருங்கள் என்று டீ கொடுத்து அனுப்பினார்கள். அரசாங்க ஸ்காலர்ஷிப் உண்டுதான், ஆனால் சேர்ந்து படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. சேருவதற்கே பணம் இல்லாதவர்களைப் பற்றி அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கடைசியில் மீட்டர் வட்டிக்காரர் ஒருவர்தான் எந்தக் கம்ப்யூட்டரையும் பார்க்காமல் கொடுக்கிறேன் என்றார். அவர் பார்வை எங்கள் வீட்டுச் சுவரிலும் கூரையிலும் மேய்ந்தது. அம்மா கும்பிடு போட்டு அனுப்பிவிட்டாள்.

அன்று சாப்பிடும்போது அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒரு வருஷம் கம்பெனிக்குப் போவட்டும். கொஞ்சம் சேத்துக்கினு அப்புறம் படிக்கட்டும். இன்னா ஆயிடப்போவுது?"

அம்மா சோற்றுக் கரண்டியைத் தட்டில் போட்ட சத்தத்தில் பூனை எழுந்து ஓடியது.

"ஒரு வருஷம்னுதான் எங்கப்பாவும் என்னை பஸ் ஏத்தினாரு."

அப்பா கை கழுவ எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் அம்மா செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஷூ கம்பெனிப் பெண்கள் ரொம்ப நாளாகச் செய்துவருகிற வேலைதான் இது. மகளுக்குக் கல்யாணம், புருஷனுக்கு ஆபரேஷன் என்று பெரிய செலவு வந்தால், வேலையை விட்டு நின்று பி.எஃப். பணத்தையும் சர்வீஸ் பணத்தையும் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும், புது ஆளாக. பழைய சர்வீஸ் போய்விடும், சம்பளம் அடியிலிருந்து ஆரம்பிக்கும். இருந்தாலும் மிஷினாவது கிடைக்கும். "தாராளமா வாங்கக்கா, ஒங்கள எடுக்காம யார எடுக்கப்போறோம்" என்று சூப்பர்வைசர் வாயால் சொல்லியிருந்தார். வாயால் சொன்னதுதான்.

அக்காவிடம் அம்மா, கம்பெனியில் லோன் கொடுத்தார்கள் என்று சொன்னாள். முதலில் கட்டவேண்டியதற்குக் காதிலிருந்த கம்மல் போயிற்று. மீதிக்குக் காலேஜில் தவணை கேட்டு வாங்கினாள். அக்கா புதுப் பெட்டியோடு ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் அம்மா வேலையை விட்டு நின்றாள். என்னிடம் லீவு என்றாள்.

அடடா, அது என்ன லீவு! பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு திறந்திருந்தது. அடுப்பில் ஏதாவது இருந்தது. காலையில் அவசரமில்லாமல் எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டிவிட்டாள். எங்கள் கிளாஸில் பாதிப் பேருக்குப் பகலில் அம்மா கிடையாது. "எங்கம்மா இனிமே வூட்லதான்" என்று நான் அலட்டிய அலட்டலில் பக்கத்துப் பெண் என்னோடு காய் விட்டாள். அம்மாவுக்குத்தான் சும்மா இருக்கத் தெரியவில்லை. பாயில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது கால் மிஷின் மிதிப்பதுபோல அசைந்துகொண்டிருக்கும். நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஊஞ்சல் ஆடுவேன்.

பணம் வந்தது. காலேஜுக்குப் போயிற்று. இரண்டு மாதம் முடிந்து அம்மா டிபன் பாக்ஸோடு கம்பெனிக்குப் போனவள், மதியமே அதே டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தாள். ஆர்டர் கம்மியாம். இருக்கிற ஆட்களையே அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். அந்த சூப்பர்வைசர் கேட்டுக்கு வரவே இல்லையாம். அந்தச் சாப்பாட்டை நானும் அம்மாவும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். லீவு நீண்டதில் எனக்குக் கொள்ளை சந்தோஷம். அடுத்தடுத்து இன்னும் சில கம்பெனிகளின் கேட்டையும் பார்த்துவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, எதிர்வீட்டு அத்தை சொன்ன கம்பெனிக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பேரணாம்பட்டு ரோட்டில் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். அங்கே வேலை தெரிந்தவர்களை எடுக்கமாட்டார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். வேலை தெரிந்தவர்கள் சம்பளம் ஜாஸ்தி கேட்பார்களாம், ரூல்ஸ் பேசுவார்களாம். ஒன்றும் தெரியாத, வயது குறைந்த ட்ரெயினிதான் வேண்டும். அம்மாவின் ஆதாரில் வயது ஏழெட்டு வருஷம் குறைவாக விழுந்திருந்தது. அரசாங்கம் செய்த தப்பு எங்களுக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

கேட்டை ஒட்டிய ஷெட்டில் ஒரு மிஷின் போட்டிருந்தார்கள். அக்காவைவிட இரண்டு மூன்று வயது மூத்த ஒரு பெண், கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முன்ன எங்கனா வேல செஞ்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. வூட்லதான் இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்தாள். வலித்தது.

அந்தப் பெண் ஒரு துண்டுத் தோலைக் கொடுத்தாள். அதில் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. கோட்டின்மேலேயே தைக்கவேண்டும். அம்மா மிஷினில் உட்கார்ந்தாள். ஊசிக்குக் கீழே தோலை வைக்கத் தெரியாமல் வைத்தாள். மிதித்ததும் மிஷின் திடுக்கென்று ஓடியது, பயந்தவள் மாதிரிக் கையை எடுத்தாள். திரும்ப வைத்தாள். நூல் கோட்டைவிட்டு விலகிப் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. அம்மாவின் நெற்றியெல்லாம் வேர்வை. அவ்வளவு கஷ்டப்பட்டு அவள் தைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கோணலாத்தான் கீது. பரவால்ல, போகப்போகக் கத்துக்குவீங்க. திங்கக்கெழம வந்துடுங்க" என்றாள் அந்தப் பெண்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றாள் அம்மா.

பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, தைக்கறது மறந்துட்சா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி. வூட்லயே குந்திக்கினு இருந்தேன் இல்ல, மறந்துட்சு" என்று என் தலையைத் தடவினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது அக்கா ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினாள். அப்பா தூக்கத்தில் இருந்தார், நான்தான் எடுத்தேன். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. அம்மா பழைய கம்பெனியில் இல்லை, ரெண்டு மாசத்துக்கு மேல் லீவு, நாளையிலிருந்து புதுக் கம்பெனியில் ட்ரெயினி என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன்.

"ட்ரெயினியா? அம்மாவா?"

"ஆமாக்கா. அம்மாவுக்குத் தைக்கவே மறந்துபோச்சு. கோணல் கோணலா தச்சாங்க. அந்தப் பொண்ணே சிரிச்சிச்சு தெரியுமா!"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அக்காவைச் சிரிக்கவைக்கத்தான் அப்படிச் சேர்த்துச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. பேசவும் இல்லை. ஹலோ ஹலோ என்று கத்திப் பார்த்தேன். ஹாஸ்டலில் டவர் சரியாகக் கிடைக்காது போலிருக்கிறது என்று நினைத்து, போனை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.