மலையிறங்கி வந்த வால்நட்சத்திரம்

மொட்டைமாடியில் வால்நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்தேன். மகள் ஏலக்காய் டீ கொண்டுவந்தாள். அந்த வாசனை என்னைச் சிறுவயதில் இருந்த கம்பம் ஊருக்கே இழுத்துப் போய்விட்டது.

அன்றும் பொழுது சாய்ந்ததும் மேற்கே வால்நட்சத்திரம் தெரியும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். தெருவே கூடி நின்றது. ஏலத்தோட்ட வேலைக்குப் போன அம்மா மட்டும் இன்னும் திரும்பவில்லை. கம்பம்மெட்டு மலையில் ஒரு வெளிச்சம் மெல்ல நகர்ந்தது.

“அந்தா எறங்குதுலே!” என்று அப்பா கத்தினார். “உங்கம்மாவுக்குப் பாக்கக் குடுத்துவைக்கலையே!”

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். வெளிச்சம் மலையிறங்கி, ஊருக்குள் நுழைந்து, எங்கள் தெருவிலேயே வந்து நின்றது. ஏலத்தோட்டத்து ஜீப். முன்சீட்டிலிருந்து அம்மா இறங்கினாள்.

“என்னத்துக்கு எல்லாரும் கும்புட்டு நிக்கிறீக?”

விஷயத்தைச் சொன்னதும், பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களைக் காட்டினாள். “அப்ப இவுகதான் வாலா?”

தெருவே சிரித்தது.

“அப்பா, அதோ!” என்று மகள் கை நீட்டினாள். நிஜ வால்நட்சத்திரம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்து யாரும் இறங்கவில்லை.