மெஷினுக்கு முன்னால் போனவள்

எட்டு வீட்டுக்காரர்கள் அவரை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். ஆறாம் வகுப்பைத் தாண்டாத மனிதருக்கு அந்தப் பட்டம் வந்தது புல்லால். வீட்டு முன்புறத்துப் புல்தரை பழுத்துப்போனாலும் சொட்டை விழுந்தாலும் அவருக்கு ஆளனுப்புவார்கள். வந்து, இடுப்பில் கைவைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். "சரி பண்ணிடலாம்" என்பார். சரியாகியும்விடும். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது.

அவரிடம் இருந்தது புல்வெட்டும் மெஷின் ஒன்று. கயிற்றை இழுத்தால் மூன்றாவது இழுப்பில்தான் பிடிக்கும். பிடித்துவிட்டால் அப்புறம் அவர் வேறு ஆள். சுவரிலிருந்து சுவர்வரை கோடு கிழித்ததுபோல் நடப்பார். ஒரு கோடு வெளுப்பாகவும் அடுத்தது கருப்பாகவும் தெரியும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அப்படி யாராவது நின்றால் அவர் நடையில் ஒரு மிடுக்கு ஏறிக்கொள்ளும்.

மெஷினுக்கு முன்னால் அவருடைய மனைவி போவாள். கையகல மரப்பலகையில் குந்தி, நகர்ந்து நகர்ந்து போவாள். கையில் முனை மழுங்கிய பழைய ஸ்க்ரூடிரைவர். பக்கத்தில் காதறுந்த பிளாஸ்டிக் வாளி. கல்லும் குச்சியும் பிளேடில் பட்டுவிடாமல் பொறுக்கிப் போடுகிறாள் என்றுதான் வீட்டுக்காரர்கள் நினைத்தார்கள். ஏதோ களையும் பிடுங்குகிறாள் என்பது அவருக்குத் தெரியும். எதைப் பிடுங்குகிறாள் என்று குனிந்து பார்த்ததில்லை.

"சீக்கிரம் நகரு. பெட்ரோல் என்ன உங்கப்பா வீட்டுலேர்ந்தா வருது?" என்று பின்னாலிருந்து கத்துவார்.

"எங்கப்பா குடுத்தது இந்தப் பலகை ஒண்ணுதான். உங்க டாக்டர் பட்டமே இதுமேலதான் உட்கார்ந்திருக்கு" என்பாள் திரும்பாமல்.

அவர் சிரித்துவிட்டு மெஷினை உறுமவிடுவார். அதற்கப்புறம் அவள் சொல்வது எதுவும் காதில் விழாது.

ஒரு வீட்டு வேலை முடிந்ததும் மெஷினைச் சாய்த்துப் போட்டு, அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் புல்லையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். சக்கரத்தின் பள்ளங்களைக்கூட விடமாட்டாள். அவருக்கு அது எரிச்சல். "பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டற மாதிரி என்னடி இது? அடுத்த வீட்டுல காத்திருக்காங்க."

"இந்த வீட்டுச் சனியன் அந்த வீட்டுக்கு வேண்டாம்."

சேற்றைத்தான் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மழை தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கு வந்தாள். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது. வெளியூரிலிருந்து மகள் வந்துசேர்ந்தபோது முகம் பார்க்க மட்டும்தான் நேரம் இருந்தது.

பதினோராம் நாள் அவர் மெஷினை எடுத்தார். வீட்டில் உட்கார்ந்திருந்தால் சுவர்கள் கிட்டே வருவதுபோல் இருந்தது. வேலைக்குப் போனால் அந்தச் சத்தத்தில் எதையும் நினைக்க வேண்டியதில்லை.

அந்த மழைக்கு எட்டு வீட்டிலும் புல் தளதளவென்று வந்தது. கொஞ்சம் அகல இலை, கொஞ்சம் இளம்பச்சை. வாரத்துக்கு இரண்டு தடவை வெட்டியும் அடங்கவில்லை. இவ்வளவு வேகமாக வளர்கிறதே என்று பிளேடை இன்னும் ஒரு படி தாழ்த்தி, தரையோடு ஒட்ட வெட்டினார். உரத்தையும் ஒரு கை கூடுதலாகப் போட்டார். மெஷினைக் கழுவவில்லை. ஒரே நாளில் நான்கு வீடு முடிக்க முடிந்தது.

அவருக்கு முதன்முதலில் வேலை கொடுத்தது டீச்சரம்மா வீடுதான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. டீச்சரம்மாவின் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது. செருப்பில்லாமல் புல்மேல் நடக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். காலையிலும் மாலையிலும் கைத்தடியோடு சுவரோரமாக நடப்பார்.

"டாக்டர், இந்த வருஷம் மாதிரி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்ல. சார் காலு மெத்தையில வைக்கிற மாதிரி இருக்குங்கறாரு" என்றார் டீச்சரம்மா.

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவள் இல்லாமலே செய்துவிட்டேன் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை அமுக்கினார். ஆனாலும் அது வந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மழை விட்ட மூன்றாவது வாரம், அந்தப் பச்சைக்கு நடுவில் விரல் விரித்ததுபோல் கதிர்கள் கிளம்பின. வெட்டினார். மறுநாள் அதைவிடத் தாழ்வாகக் கிளம்பின. அதையும் வெட்டினார். வெட்டிய கதிரெல்லாம் பிளேடில் பட்டுத் தூளாகிப் பறந்தன. வெயில் ஏறியதும் அகல இலைப் புல் முழுக்கச் செம்பட்டையாகி, வைக்கோலாகி, படுத்துவிட்டது. கையால் தொட்டால் பிடிப்பில்லாமல் வந்தது. கீழே வெறும் மண். முதலில் உள்ளங்கை அளவு, அப்புறம் தட்டு அளவு. எட்டு வீட்டிலும் ஒரே மாதிரி.

டீச்சரம்மா வாசலில் நின்று கேட்டார். "என்ன டாக்டர் இது? இருபது வருஷத்துல இப்படி ஆனதில்லையே?"

உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு அது. எனக்குத் தெரியலம்மா என்றிருக்கலாம். அவர் இடுப்பில் கைவைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "உரம் பத்தலம்மா. ஒரு மாசத்துல சரியாயிடும்."

பூச்சிமருந்துக் கடைக்காரர் அவருக்குப் பல வருடப் பழக்கம்.

"களைக்கு மருந்து வேணும்."

"என்ன களை?"

"புல்லுதான்."

"புல்லுக்குள்ள புல்லா? அண்ணே, அகல இலைச் செடின்னா அதை மட்டும் கொல்றதுக்கு மருந்து இருக்கு. களையே புல்லா இருந்தா எதை அடிச்சாலும் உங்க புல்லும் சேர்ந்து போகலாம். என்ன வகைன்னு தெரிஞ்சாத்தான் குடுக்க முடியும். சாம்பிள் கொண்டாங்க." கடைக்காரர் சிரித்தார். "டாக்டரே வந்து நோய் என்னன்னு நம்மகிட்ட கேக்கறாரு!"

மறுநாள் செய்தித்தாளில் ஒரு கொத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் இரண்டு பக்கமாக வைத்தார். வைக்க வைக்க, முந்தின நாள் சிரிப்பு அவர் முகத்திலிருந்து போய்விட்டது.

"அண்ணே, இதுல பாதி உங்க நல்ல புல்லு. அதையும் சேர்த்துப் புடுங்கிட்டு வந்திருக்கீங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் அண்ணிதானே பார்ப்பாங்க? மருந்து வேணாம், கையாலேயே எடுத்துடறேன்னு சொல்லுவாங்களே" என்றார்.

அன்று மகளுக்குப் போன் செய்தார். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கெல்லாம் அவள் அம்மாவுடன்தான் வேலைக்கு வருவாள்.

"உங்கம்மா எப்படிம்மா கண்டுபிடிப்பா? எது நம்ம புல்லு, எது களைன்னு?"



"இதை நீங்க அம்மாகிட்ட கேட்டிருக்கணும்பா."

"கேக்கலம்மா."

"முன்னாடிதானே போனாங்க? நாலடி தூரம்."  அப்புறம் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டணும். உருண்டுச்சுன்னா அநேகமா நம்ம புல்லு. உருளாம சப்பையா நின்னா களை. அது நடுவுல வெள்ளையா, சக்கரம் மாதிரி தரையோட படுத்திருக்கும். மூணு மூலை தட்டுச்சுன்னா கோரை. கோரையை இழுக்கவே கூடாது. இழுத்தா மேல இருக்கறது மட்டும் வரும், கிழங்கு உள்ள நின்னுக்கும், ஒண்ணு பத்தாகும். தண்ணி ஊத்தி ஊறவிட்டு, கிழங்கோட தோண்டணும். அப்புறம் அகல இலை, அடியில முடி முடியா இருக்கும். அதுதான்பா ரொம்ப மோசம். மழையில நல்ல புல்லு மாதிரியே தளதளன்னு வரும். விதை கட்டறதுக்குள்ள எடுத்துடணும். மூலை வீட்டுல மட்டும்தான் அது இருந்துச்சு. அம்மா மெஷினைக் கழுவுவாங்கல்ல, அதுக்காகத்தான்."

ஒவ்வொரு சுற்றும் அவர் வேலையைத் தொடங்குவது மூலை வீட்டில்தான். ஒவ்வொரு வாரமும் அங்கே வெட்டிவிட்டு, விதை கலந்த சேறு ஒட்டிய அதே சக்கரத்தோடு மற்ற ஏழு வீட்டுக்கும் போயிருந்தார். விதையைத் தானே சுமந்துபோய், உரம் போட்டு, தரையை மொட்டையடித்து வெயில் காட்டி, வளர்த்துவிட்டிருந்தார்.

"அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றார். 

அதற்குள் மூன்று வீட்டில் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அவர் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. டீச்சரம்மா வீட்டுத் தரைதான் மனதை அரித்தது. அவளும் அவரும் வெறும் செம்மண்ணில் முதல்முதலாகப் புல்லை ஊன்றியது அங்கேதான். அவள் கை படாத இடம் அங்கே ஒரு சாண்கூடக் கிடையாது. புதன்கிழமை காலையில் உண்மையைச் சொல்லி, ஒரு மழைக்காலம் அவகாசம் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு போனார்.

வாசலில் கல் வந்து இறங்கியிருந்தது. சதுரம் சதுரமான சிமெண்ட் கற்கள், இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"சார் நேத்து வழுக்கி உட்கார்ந்துட்டாரு டாக்டர்" என்றார் டீச்சரம்மா. "சொட்டையா இருக்கற இடமெல்லாம் தண்ணி விட்டதும் சேறாயிடுது. நல்லவேளை எலும்பு முறியல, மணிக்கட்டு சுளுக்கினதோட போச்சு. கல்லு பாவிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். கொத்தனார் திங்கட்கிழமை வர்றாரு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். புல் தனக்குத் தெரியாது என்றார். தெரிந்தவள் அவள் என்றார். நீங்கள் டாக்டர் என்று கூப்பிட்டபோதெல்லாம் அவள் நான்கடி தள்ளி வாளியோடு குந்தியிருந்தாள், நானும் ஒரு நாள்கூட அவளைக் காட்டிச் சொன்னதில்லை என்றார். உரம் பத்தவில்லை என்று சொன்னது பொய் என்றார்.

டீச்சரம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"குப்பை பொறுக்கறாங்கன்னுல்ல நினைச்சேன்" என்றார். "தண்ணி வேணுமான்னு கேட்டிருக்கேன். வேற ஒண்ணும் கேட்டதில்ல."

"நானும்தான்மா."

"போன மாசமே சொல்லியிருந்தீங்கன்னா யோசிச்சிருப்பேன் டாக்டர். இப்போ சாரை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

டாக்டர் என்ற சொல் பழக்கத்தில் வந்துவிட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்காததுபோல் இருந்தார்கள்.

"திங்கட்கிழமை வரைக்கும் நான் வந்துட்டுப் போகலாமாம்மா?"

"மூடப்போற இடத்துல என்ன வேலை?"

"களை எடுக்கணும்."

டீச்சரம்மா அவரையே பார்த்தார். கூலி பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். "வாங்க" என்றார்.

மெஷின் இல்லாமல் வந்தார். அந்தச் சின்னப் பலகையில் அவருக்குச் சரியாக உட்கார வரவில்லை. முழங்கால் ஒரு மணி நேரத்தில் விண்விண்ணென்று தெறித்தது. மாமரத்துக்குக் கீழே, அவ்வளவாகச் சேதமில்லாத ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். முதல் நாள் எதை உருட்டினாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. நல்ல புல்லைப் பிடுங்கிவிட்டு, வேரைப் பார்த்துப் புரிந்துகொண்டு, திரும்ப ஊன்றி மண்ணை அழுத்தினார். இரண்டாம் நாள் கோரையின் மூலை விரலில் தட்டியது. ஊறவைத்துத் தோண்டினார். கருப்பாக, கடலை அளவில் கிழங்கு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போனால் இன்னொன்று. அதற்கப்புறம் இன்னொன்று. இப்படி ஒன்றைத் தோண்டத்தான் அவள் நகராமல் குந்தியிருந்திருப்பாள். பின்னாலிருந்து அவர் நகரு நகரு என்று விரட்டியிருப்பார்.

சார் கட்டுப்போட்ட மணிக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சும் அவருக்குக் கொஞ்சம் இழுக்கும். "மெதுவா... இருக்கே" என்றார்.

"இவ்வளவு மெதுவாத்தான் சார் ஆகும். எனக்குத்தான் தெரியல."

சனிக்கிழமை மத்தியானம் போல, பார்க்காமலே விரல் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தது. எடுத்துப் பார்த்தார். அகல இலை, அடியில் மெல்லிய முடி. சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. அவர் தலையை நிமிர்த்தி முன்னால் பார்த்தார். சொல்ல ஆளில்லை. திரும்பக் குனிந்துகொண்டார். வாளிக்குள் கண்ணீர் விழுந்ததை நாற்காலியில் இருந்தவர் பார்த்தார். கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் போகும் நேரத்தில், மாமரத்துக்குக் கீழே ஒரு போர்வை விரிக்கிற அளவு இடம் சுத்தமாகியிருந்தது. ஒரு களைகூட இல்லை. அத்தனையும் மெல்லிய இலை, ஒரே கரும்பச்சை.

திங்கட்கிழமை காலையில் கொத்தனார் வந்தார். முழு இடத்தையும் ஒரு நோட்டம் விட்டுவிட்டு மாமரத்தடிக்கு வந்து காலால் மிதித்துப் பார்த்தார்.

"இங்கேர்ந்து ஆரம்பிச்சுடலாம். மத்த இடமெல்லாம் மேடும் பள்ளமுமா கிடக்கு, இங்கதான் தரை மட்டமா இருக்கு."

டீச்சரம்மா ஏதோ சொல்ல வந்தார். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

கொத்தனார் ஆணியை அடித்து நூலைக் கட்டினார். சுற்றிலும் பார்த்தார். உதவியாள் இன்னும் வரவில்லை. "பெரியவரே, இந்த முனையைக் கொஞ்சம் புடிங்க. தொய்யாம, நல்லா இழுத்து."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கி, நூலின் முனையை வாங்கிக்கொண்டு, சுவர்வரை நேராக நடந்தார்.